மு.மா. வீட்டுக் கூரை

ஜூன் 9, திங்கள்

வெயில். மேல்காற்று ஆரம்பித்துவிட்டது, வாசல் முழுக்கப் புழுதி. இடது கணுக்காலில் கட்டு, மூன்றாம் நாள். திருச்சி பஸ்ஸிலிருந்து கீரனூர் ஸ்டாண்டில் இறங்கும்போது, இல்லாத படியில் கால் வைத்ததன் பலன். எலும்புக்கு ஒன்றுமில்லை, ஜவ்வுதான். பத்து நாள் கால் ஊன்றக் கூடாது. மருந்து மொத்தக்கடைக்கு லீவு சொன்னேன். "பில் போடக் கைதானே வேணும்?" என்றார் முதலாளி.

காலை இட்லி ஐந்து. பேப்பர் இரண்டு தடவை. ராசிபலன்: இல்லத்தில் மகிழ்ச்சி.

பத்து மணிக்கு வாசுகி (இனி வா.) ஒரு கட்டு பாக்குமட்டைத் தட்டைக் கொண்டுவந்து மடியில் போட்டாள்.

"சும்மாதானே உக்காந்திருக்கீங்க. ஓடு வெட்டுங்க."

விஷயம் இது. வா. பொம்மை வீடு செய்கிறாள். மகளின் ஸ்கூல் ப்ராஜெக்டுக்குச் செய்யப்போய்ப் பிடித்த பைத்தியம். மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், பைத்தியம் போகவில்லை. ஆர்டர் வேறு வருகிறது. இப்போது சாப்பாட்டு மேசை மேல் இரண்டடி நீளத்துக்கு ஒரு வீடு நிற்கிறது. சுவர், ஜன்னல், படி எல்லாம் முடிந்தது. கூரை மட்டும் இல்லை.

யார் வீடு? கட்டுமாவடியில் அவள் அத்தை வீடு. பழைய ஓட்டு வீட்டைப் போன வருஷம் இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் கட்டியிருக்கிறார்கள். 27-ஆம் தேதி பால் காய்ச்சுகிறார்கள். அதற்குள் பழைய வீட்டைச் சின்னதாகச் செய்து ஹாலில் வைக்க வேண்டுமாம். கேட்டது அத்தை மகன். அதாவது வா.வுக்கு முறை மாப்பிள்ளை. மீன் யாவாரம், சொந்தமாக ஐஸ் வண்டி. அவன் பெயரை என் டைரியில் எழுதுவதாக இல்லை. மு.மா. போதும்.

முறைப்படி எனக்குத் தம்பி. என்னை அண்ணே என்பான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். காற்று. ஓடு வெட்டும் வேலை.

தேவை: பாக்குமட்டைத் தட்டு 30. ஸ்கேல், ப்ளேடு, பென்சில். காவிப் பொடி, பசை. விரலுக்கு ஒட்டப் பிளாஸ்திரி.

ஒரு ஓடு சுண்டுவிரல் நகம் அளவு. ஒரு வரிசைக்கு நாற்பத்தெட்டு. ஒரு பக்கத்துக்கு இருபது வரிசை, இரண்டு பக்கம். பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் வெட்டத் தொடங்கினேன். ஃபேன் போடக் கூடாது, ஓடு பறக்கும். வேர்த்து வேர்த்துப் பனியன் காவி நிறம்.

வா. சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே மு.மா.வின் வாய்ஸ் மெசேஜை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறாள். கடல் இரைச்சல், நடுவில் அவன் குரல்.

"ஏ கழுதை, அடுப்படி ஜன்னல் சின்னது, நீ பெருசா வச்சிருக்க. மறந்துட்டியா?"

"மறக்கல மச்சான், மாத்திடுறேன்."

மாவுக் கையோடு சிரிக்கிறாள். காலையிலிருந்து பதினோரு மச்சான். கழுதை எத்தனை என்று எண்ணவில்லை. எனக்கு இருபது வருஷமாக 'ஏங்க'. அதுவும் சிலிண்டர் தீர்ந்தால்தான்.

சப்பாத்தி நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

மதியம் வரை மேகம், மழை இல்லை. ஓடு ஒட்ட ஆரம்பித்தேன். கூரை தனியாகக் கழற்றி மாட்டும்படி போர்டில் செய்திருக்கிறாள். மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வசதி.

முகட்டில் தொடங்கினேன். மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரிசையாக. ஒன்பது வரிசை. கோடு பிசகவில்லை. ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை அரை ஓடு தள்ளி, நிஜமான கொத்தன்போல. பெருமையாக இருந்தது. வா.வைக் கூப்பிட்டேன். அவள் பார்ப்பதற்கு முன்பே போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகுதான் உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க... மேல இருந்தா மேஞ்சீங்க?"

"ஏன்?"

"மேல் ஓடு அடியில போயிருக்குங்க. கீழ் ஓடு மேல ஏறி நிக்கிது. மழை பேஞ்சா தண்ணி வீட்டுக்குள்ளல்ல எறங்கும்? எறவாணத்துல ஆரம்பிச்சு மேல போகணும்."

நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் மொட்டை மாடி வைத்த லைன் வீடு. கூரைக்கு அடி எது, முடி எது என்று எனக்கு எப்படித் தெரியும்? பொம்மை வீட்டுக்கு எந்த மழை பெய்யப்போகிறது?

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மு.மா.வின் வாய்ஸ் வந்தது. முதல் பத்து வினாடி வெறும் சிரிப்பு. பிறகு, "யாரு, அண்ணனா மேஞ்சாரு? அண்ணே, வீட்டுக்குள்ள கெணறு வெட்டுறீகளா?" பக்கத்தில் யாரோ இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். வா.வும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான், ஆனால் சிரித்தாள்.

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் கதை. நானூற்றுச் சொச்சம் ஓட்டையும் பிய்த்தேன். பசையோடு போர்டும் கிழிந்தது. வேண்டுமென்றே கொஞ்சம் கூடவே கிழித்தேன்.

ஜூன் 12, வியாழன்

வெயில். கால் வீக்கம் குறைவு. புதுப் போர்டு. கீழே இருந்து ஆரம்பம். ஆறு வரிசை.

வா. பக்கத்தில் உட்கார்ந்து காவி பூசினாள். மேற்குப் பக்கம் கடைசி நாலு வரிசைக்குச் சிவப்பைக் கூட்ட வேண்டுமாம். புயலில் பறந்துபோய், பிறகு புது ஓடு போட்டார்களாம். இந்த மூலையில் ஒழுகும், குண்டான் வைப்பார்களாம். இந்த ஓட்டுக்கு அடியில் அணில் கூடு. முழுப் பரீட்சை லீவுக்கெல்லாம் அங்கேதான் கிடந்தாளாம். "நம்ம வீட்டுல" என்று இரண்டு தடவை சொன்னாள். நம்ம வீடு இதுதானே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டேன்.

"உனக்கும் அவருக்கும் பேசி வச்சிருந்தாங்களா?"

"பேசாம இருப்பாகளா? முறைதானே."

"அப்புறம்?"

"அப்புறம் ஒங்க போட்டோ வந்துச்சு. எறவாணத்த நேரா வைங்க, கோணுது."

என் போட்டோ வந்தது நல்லதா கெட்டதா, முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. சாயங்காலம் வரை அதையே யோசித்தேன். ஒரு வரிசை கோணல்.

நியாயமாக ஒன்று எழுதிவைக்க வேண்டும். வா.வுக்கு அப்பா, அம்மா இரண்டு பேரும் இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. தாய்வீடு என்று இருப்பது அந்தக் கட்டுமாவடி வீடு ஒன்றுதான். பொங்கலுக்குக் கரும்பும் பானையும் அங்கிருந்துதான் வரும். மு.மா. பைக்கில் கட்டிக்கொண்டு வந்து, வாசலில் இறக்கிவைத்து, "கழுதை, காபி போடு" என்பான். அன்றைக்கு முழுக்க வா. நடையே வேறு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிகிறது, நான் என்ன செய்ய?

ஜூன் 13, வெள்ளி

காற்று அதிகம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை. எட்டு வரிசை.

வா. பெயிண்டும் பட்டியும் வாங்கப் புதுக்கோட்டை போனாள். போன் சார்ஜில் இருந்தது, மறந்துவிட்டாள். லாக் கிடையாது. எங்கள் வீட்டில் ஒளிவுமறைவு இல்லை என்று நான்தான் கடையில் பெருமையடிப்பேன்.

பதினொன்றரைக்கு மு.மா. மெசேஜ். வாய்ஸ் இல்லை, எழுத்து. 'கழுதை ஓடு எப்படி வந்திருக்கு? அண்ணன் இன்னும் கெணறுதான் வெட்டுறாரா'. பக்கத்தில் நாலு சிரிக்கும் பொம்மை.

போனை எடுத்தேன். வா. எழுதுவதுபோல எழுதினேன்.

'நல்லா வந்திருக்கு அண்ணா. வேலை இருக்கு. அப்புறம் பேசறேன் அண்ணா.'

அனுப்பிவிட்டேன். இரண்டு நீலக் கோடு உடனே வந்தது. பதில் வரவில்லை. இரண்டு மெசேஜையும் அவள் போனில் மட்டும் அழித்தேன். போனைப் பழையபடி சார்ஜில் போட்டேன்.

ஒரு முறைப் பெண் வாயில் முறை மாப்பிள்ளையை அண்ணா என்பது லேசுப்பட்ட விஷயமில்லை. அண்ணன் என்றால் அண்ணன்தான். அதற்குப் பிறகு கழுதை கிடையாது, மச்சான் கிடையாது, போனில் சிரிப்பு கிடையாது. கணக்கு அதோடு நிற்கவில்லை. அவன் அவளுக்கு அண்ணன் ஆனால், நான் அவனுக்கு மச்சான் ஆகிறேன். இதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

வா. வரும்போது உளுந்தவடை வாங்கிவந்தாள். நாலு சாப்பிட்டேன்.

ஜூன் 14, சனி

இதமான வெயில் (எனக்கு). ஒன்பது வரிசை. மேற்குப் பக்கம் முடிந்தது, கிழக்கில் மூன்று வரிசை. வேலை செய்யும்போது விசில் அடித்தேனாம், வா. சொன்னாள்.

மு.மா.விடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வா. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். கூரை போட்டோ அனுப்பினாள். நீலக் கோடு வந்தது, பதில் இல்லை.

"வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பாரு போல."

"இருக்கும்" என்றேன்.

மதியம் மறுபடி போட்டோ அனுப்பினாள், வேறு கோணத்தில். சாயங்காலம் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ரசத்தில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை, நல்ல மனநிலையில் இருந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

காலை எட்டு மணி. தோசை. அத்தை போன். வா. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாவு ஊற்றினாள்.

"ஏத்தா, ஒன்னய நாங்க என்ன சொல்லிப்புட்டோம்?"

"என்னத்தை?"

"எம்மவன அண்ணான்னு எழுதியிருக்கியாமுல்ல? ஒருக்காக்கு ரெண்டு வாட்டி. ஒங்கப்பன் இருந்தா இப்புடி எழுதுவியா? அவனுக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு, ஒனக்கு புருசன் புள்ள இருக்கு, அதுக்காக முறைய அத்துவிட்டுடுறதா? ரெண்டு நாளா அவன் மூஞ்சியப் பாக்க முடியல. எங்களால ஒனக்கு ஏதும் கேவலமா ஆத்தா?"

வா. கரண்டியை வைத்தாள். போனைக் கையில் எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அந்த மெசேஜ் அதில் இல்லை. பிறகு என்னைப் பார்த்தாள். நான் தோசையைப் பார்த்தேன்.

"கை தவறிப் போச்சு அத்தை."

"கை தவறுனா மூணெழுத்தும் ஒழுங்கா வருமாத்தா?"

வைத்துவிட்டார். அழுதார் என்று நினைக்கிறேன். தோசை கருகி வீடெல்லாம் புகை.

"என் போன எடுத்தீங்களா?"

"இல்லையே."

மறுபடி கேட்கவில்லை. கருகிய தோசையை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, எனக்குப் புதிதாக ஊற்றினாள். அதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன், எழுதிவிட்டேன்.

ஓடு ஒரு வரிசைகூட ஒட்டவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை. வா. பேசிய வார்த்தைகள்: மாத்திரை, தண்ணி, நகருங்க.

ஓடு முடிந்தது. பிற்பகலில் முகட்டில் பட்டி வைத்துப் பூசினேன், சுண்ணாம்பு வைத்த மாதிரி. நன்றாகவே வந்திருக்கிறது. யாரிடம் காட்ட?

ஜூன் 18, புதன்

மேகமூட்டம், இரண்டு தூறல். காலை பத்து மணிக்கு லோடு ஆட்டோவில் மு.மா. சொல்லாமல் வந்துவிட்டான். வெள்ளை வேட்டி. பொங்கலுக்கு வரும்போதுகூட லுங்கிதான் கட்டியிருப்பான். வாசலில் செருப்பை ஒழுங்காகக் கழற்றிவைத்துவிட்டு, நான் உட்காரச் சொல்லும் வரை நின்றான்.

"கால் எப்புடி இருக்கு மச்சான்?"

என்னைத்தான். போட்ட கணக்கு சரியாக வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பரவாயில்ல" என்றேன்.

அவன் வா.வின் முகத்தைப் பார்க்காமல், சுவரில் காலண்டரைப் பார்த்துச் சொன்னான். "வீடு ரெடியான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன், தங்கச்சி."

இப்போது சொல்வாள், நான் எழுதலை என்று இப்போது சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். வா. அடுப்படி நிலையில் நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"காபி குடிங்கண்ணே" என்றாள்.

அவன் தலை ஆடியது. சரி என்பதா வேண்டாம் என்பதா தெரியவில்லை. அடுப்படிப் பக்கமே திரும்பாமல் வந்த காபியைக் குடித்தான். வீட்டைப் பார்த்தான். அடுப்படி ஜன்னலை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"கூரை இன்னும் ஈரம்ணே. இவரு காலு சரியானதும் கொண்டாந்து குடுப்பாரு" என்றாள் வா.

ஈரமெல்லாம் இல்லை. பட்டி நேற்றே காய்ந்துவிட்டது. அவளுக்கும் தெரியும்.

அவன் கூரையில்லாத வீட்டைத் தூக்கிக்கொண்டு போனான். ஆட்டோ திரும்பும் வரை இரண்டு பேரும் வாசலில் நின்றோம். உள்ளே வந்ததும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன் சொல்லல?"

"என்னன்னு? எம்புருசன் என் போன எடுத்து எழுதுனாருன்னா? எங்க வீட்டுல அதச் சொல்லிட்டு அப்புறம் ஒங்கள எப்புடி நான் அங்க கூட்டிட்டுப் போவேன்? அதுக்கு அண்ணேன்னே கூப்புட்டுட்டுப் போறேன்."

அதற்குப் பிறகு வெங்காயம் உரித்தாள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைக் காப்பாற்றியதில் எனக்கு வந்திருக்க வேண்டியது நன்றி. வந்தது, அவனுக்காக அவள் கண் கலங்கியிருக்கிறதே என்ற வயிற்றெரிச்சல். வெங்காயமாகவும் இருக்கலாம்.

ஜூன் 21, சனி

கட்டுப் பிரித்தாயிற்று. திங்கள் முதல் வேலைக்கு. நொண்டுகிறேன், ஆனால் நடக்கிறேன்.

வா. கூரையைப் பழைய சேலையில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்துக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் நல்ல வெயில். டிபன் வேண்டாம் என்று ஏழு மணி பஸ். கீரனூர், புதுக்கோட்டை, அறந்தாங்கி, கட்டுமாவடி. மூன்று பஸ்ஸிலும் பெட்டி மடியில். அறந்தாங்கி வண்டியில் கண்டக்டர்:

"அது என்னண்ணே, கேக்கா?"

"கூரை."

"சரிண்ணே" என்று டிக்கெட் கிழித்தார்.

வழி முழுக்க வாக்கியம் தயார் செய்தேன். கை தவறி என்று ஒன்று. பிள்ளை யாரோ போனை நோண்டி என்று ஒன்று. வீட்டில் பிள்ளையே இல்லை, அதனால் அதை விட்டேன். கூரையைக் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடலாம் என்றும் நினைத்தேன். அறந்தாங்கி தாண்டிய பிறகும் நினைத்தேன்.

புது வீடு. பெயிண்ட் வாசனை, பளபளவென்று டைல்ஸ். ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள் பழைய வீடு, தலை திறந்து. அத்தை (எனக்குச் சின்னம்மா முறை) "வாய்யா, காலு தேவலையா?" என்றார். மு.மா., "வாங்க மச்சான்" என்றான். நான் கூரையை எடுத்து மாட்டினேன். பிசகில்லாமல் உட்கார்ந்தது. சின்னம்மா கிட்டே போய், மேற்கு மூலையில் அந்தச் சிவப்பு கூடிய நாலு வரிசையைப் பார்த்தார்.

"புயலுக்குப் பெறகு போட்ட ஓட்டக்கூட விடலியே. இம்புட்டு நெனப்பு வச்சிருக்கிறவ, ஏன்யா அப்புடி எழுதுனா?"

தயார் செய்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

"அவ எழுதல சின்னம்மா. நான்தான்."

"என்னய்யா?"

"அவ வீட்ல இல்ல. போன் இருந்துச்சு. நான்தான் எழுதுனேன். பொறாமை."

அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. சின்னம்மா என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "இந்தக் கூத்த எங்கிட்டுப் போய்ச் சொல்ல" என்று உள்ளே போய்விட்டார். மு.மா. என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் திரும்பி ஜன்னல் பக்கம் போய்ப் போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான், வேண்டுமென்றே போட்டானா, பழக்கமா, தெரியாது.

"ஏ கழுதை."

கீரனூரில் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"சொல்லுங்க மச்சான்."

அவ்வளவுதான். இருபது வருஷத்தில் என்னிடம் அந்தக் குரலில் அவள் பேசியதில்லை. நானே பஸ் ஏறி வந்து, நானே சொல்லி, நானே வாங்கிக் கொடுத்தது. வயிறு எரிந்தது. கொஞ்சமும் குறையவில்லை.

அவர்கள் பால் காய்ச்சுவதைப் பற்றிப் பேசினார்கள், எத்தனை பேர், என்ன மீன் என்று. நான் கூரையின் எறவாணத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தேன். கடைசியில் வா. கேட்டாள்.

"அவரு அங்கிட்டு இருக்காரா?"

"இருக்காரு."

"சாப்டாரான்னு கேளுங்க மச்சான்."

அவன் போனைக் கையால் மூடி, என் பக்கம் திரும்பி, "சாப்டீகளான்னு கேக்குறாண்ணே" என்றான்.

"ஆச்சுன்னு சொல்லு" என்றேன்.

சாப்பிடவில்லை.